உயிரியல் புராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது? பாலக்காட்டு எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி திறந்து ஒரு மாதம் போனதும் உயிரியல் டீச்சர் சொல்வார்: "அடுத்த வாரம் எல்லாரும் புராஜெக்ட் தலைப்போட வாங்க." அடுத்த வாரம் வரும் தலைப்புகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புவி வெப்பமயமாதல், புற்றுநோய், பிளாஸ்டிக் மாசு, நீரிழிவு. தலைப்போடு வராதவர்கள் போன வருடத்து அண்ணனின் ஸ்பைரல் பைண்டிங் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காகவும், முதல்முறையாகப் புராஜெக்ட் கைடாக மாட்டிக்கொண்ட ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் படிப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். மண்ணும் பயிரும் பூச்சியும் எல்லை பார்ப்பதில்லை.

முதலில் கேட்க வேண்டியது

தலைப்பு யோசிக்கும் முன் டீச்சரிடம் சில விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எதற்காக இந்தப் புராஜெக்ட், எப்போது கொடுக்க வேண்டும், தனியாகவா குழுவாகவா, ரெக்கார்டு எத்தனை பக்கம். எதற்காக என்பதைப் பொறுத்து அளவு மாறும். கேரளப் பத்தாம் வகுப்பில் உயிரியலுக்கு எழுத்துத் தேர்வு 40, தொடர் மதிப்பீடு 10. வகுப்பில் செய்யும் செயல்பாடுகள் எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு இரண்டு வார வேலையே தாராளம். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறைக்கான 30 மதிப்பெண்ணில் புராஜெக்டுக்கும் அதன் வைவாவுக்கும், அதாவது வாய்மொழித் தேர்வுக்கும், சேர்த்து 5. கேரளப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியான சாஸ்திர மேளாவில் ஆய்வுப் புராஜெக்டாக வைக்கவோ, 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கான தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பவோ ஆசை இருந்தால் மூன்று மாதமாவது ஒரே விஷயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாநாட்டுக்கு ஒரு மையக்கருத்து கொடுப்பார்கள். அதற்குள் வருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு ஆறு மாத வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு கணக்குப் பாடத்தைக் கோட்டை விடும் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் கேட்டால் "புராஜெக்ட்" என்பார்கள். அது வேண்டாம்.

சைக்கிள் போகும் தூரத்துக்குள் தேடுங்கள்

கூகுளைத் திறக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டும் பேனாவுமாக வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். உயிருள்ளது எது கண்ணில் பட்டாலும் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் ஏதாவது வித்தியாசமாக இருந்தால் அதையும் எழுதுங்கள்: இந்தத் தென்னையின் ஓலை மட்டும் கறுத்திருக்கிறது, அந்த வரப்பில் மட்டும் கோரை அதிகம், இந்தக் குட்டையில் மட்டும் கொசுப்புழு இல்லை. தலைப்பு கிடைக்கும் இடம் அந்த "மட்டும்"தான்.

நம் பகுதிக்கு இதில் ஒரு வசதி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, வரப்பெல்லாம் பனை, முதலமடையில் மாந்தோப்பு, நடுவில் ஆழியாற்று வாய்க்கால். நகரத்துப் பிள்ளை ஒரு தென்னையைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். நமக்குக் கொல்லைக் கதவைத் திறந்தால் போதும்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கும். ஒரு பிள்ளையும் ஆசிரியரும் பேசிக்கொள்வது சாதாரணமாக இப்படித்தான் இருக்கும்.

"சார், நான் புவி வெப்பமயமாதல் எடுத்திருக்கேனுங்க சார்."

"சரி கண்ணு, அதை எதுல அளப்பே?"

"…அளக்கறதுங்களா சார்?"

அளக்க முடியாததைத் தூக்கிப்போடுங்கள். கட்டுரைப் போட்டிக்கு அது நல்ல தலைப்பு, புராஜெக்டுக்கு ஆகாது. புராஜெக்ட் என்றால் ஒரு கேள்வி வேண்டும், அந்தக் கேள்விக்குள் இரண்டு பக்கம் வேண்டும்: இதுவும் அதுவும், நிழலும் வெயிலும், மருந்தடித்ததும் அடிக்காததும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து எண்ணாகச் சொல்ல முடிய வேண்டும்.

பிளாச்சிமடையை எடுத்துக்கொள்வோம். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் நடந்தது; நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று ஊரார் போராடி, குளிர்பான ஆலை 2004இல் மூடப்பட்ட கதை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். "நிலத்தடி நீர் மாசு" என்று தலைப்பு வைத்துப் பத்திரிகைச் செய்திகளை ஒட்டினால் அது சமூக அறிவியல் ஆல்பம். அதையே "எங்கள் தெருவின் மூன்று கிணற்று நீரிலும் மழைநீரிலும் பாசிப்பயறு ஒரே மாதிரி முளைக்கிறதா?" என்று கேட்டால் உயிரியல். நான்கு தண்ணீர், ஒரே பயறு, முளைத்தவற்றை எண்ண வேண்டியதுதான். கேள்வி சின்னதாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மதிப்பிடுகிறவருக்குச் சின்னக் கேள்விதான் பிடிக்கும், ஏனென்றால் அதைத்தான் அவரால் சோதித்துப் பார்க்க முடியும்.

கேள்வி கிடைத்ததும் ஒரு ஊகத்தையும் எழுதிவையுங்கள். பாடப்புத்தகத்தில் கருதுகோள் என்று படித்தது அதுதான். "கிணற்று நீரில் முளைப்பு குறையும் என்று நினைக்கிறேன், உப்பு அதிகம் என்பதால்." வேலை தொடங்கும் முன்னமே, தேதி போட்டு எழுத வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எழுதும் ஊகம் எப்போதும் சரியாகவே இருக்கும். வைவாவில் அது பல்லிளித்துவிடும்.

ஒரு சோதனையை முழுதாகப் பார்ப்போம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடிபடாது. பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்வோம். 1950களில் புனேயில் கண்ணில் பட்ட செடி. இன்று நம் ரோட்டோரம், ரயில் பாதையோரம் எல்லாம் அதுதான். பக்கத்துச் செடியை வளரவிடாது என்கிறார்கள். உண்மையா என்று சோதிக்கலாம்.

பூ விடாத செடியின் இலையைப் பறியுங்கள். கையுறை கட்டாயம், சிலருக்கு இது தோலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும், மகரந்தம் மூச்சில் போனால் ஒவ்வாமை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இந்தத் தலைப்பைத் தொடவே வேண்டாம். இலையை நிழலில் காயவைத்து நொறுக்கி, 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினால் 10 சதவீதச் சாறு. அதில் பாதியெடுத்துச் சம அளவு தண்ணீர் கலந்தால் 5. அதையும் அப்படியே கலந்தால் 2.5. நான்காவது வெறும் தண்ணீர். அந்த வெறும் தண்ணீர்த் தட்டுதான் கட்டுப்பாட்டு மாதிரி. அது இல்லாவிட்டால் மற்ற மூன்றையும் எதோடு ஒப்பிடுவீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு, தட்டுக்கு 20 பாசிப்பயறு. பெட்ரி தட்டு இல்லையென்றால் ஐஸ்கிரீம் டப்பா மூடி போதும், எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சரி. அடியில் டிஷ்யூ பேப்பர், மேலே 5 மில்லி சாறு, எல்லாத் தட்டும் ஒரே அலமாரியில். மூன்றாம் நாள் முளைவேர் 2 மில்லிமீட்டருக்கு மேல் வந்த பயறுகளை எண்ணுங்கள். ஸ்கேலால் வேர் நீளத்தையும் அளந்துவிடுங்கள். பல நேரம் முளைத்த எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது, வேரின் நீளத்தில்தான் விஷயம் இருக்கும். எண்ணிக்கையோடு நிறுத்தியவர்கள் "விளைவு இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்று தட்டு எதற்கு? ஒரு தட்டில் பூஞ்சை பிடிக்கும், ஒன்றை எலி உருட்டும், ஒன்றில் பயறே சொத்தையாக இருக்கும். ஒரே தட்டை நம்பினால் சோதனையே போயிற்று. மூன்றின் சராசரியை எழுதுங்கள். மூன்று எண்களையும் தனித்தனியாகவும் காட்டுங்கள்.

இனி, வைவாவில் கெட்டிக்கார எக்ஸாமினர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த இலையை ஊறவைத்து ஊற்றினாலும் பயறு முளைக்காமல் போகலாமே? பார்த்தீனியத்தின் மேல் மட்டும் ஏன் பழி போடுகிறாய்?" நியாயமான கேள்வி. முன்னமே யோசித்து முருங்கை இலையிலும் அதே 10 சதவீதச் சாறு எடுத்து இன்னும் மூன்று தட்டு வைத்துவிட்டால் பதில் கையில் இருக்கும். மொத்தம் 15 தட்டு, 300 பயறு. இந்த ஒரு சேர்க்கையே உங்கள் புராஜெக்டை வகுப்பில் தனியாகக் காட்டும்.

இதே செடியில் இன்னொரு வழியும் உண்டு. 1984இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து விடப்பட்ட கோடு போட்ட சிறு வண்டு ஒன்று பார்த்தீனிய இலையைத் தின்னும். சைகோகிரம்மா பைகலரேட்டா என்று பெயர். மழைக்காலத்தில் தேடிப்பாருங்கள். கிடைத்தால் வண்டு உள்ள இடம், இல்லாத இடம் என்று பிரித்து, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, செடிகளையும் பூங்கொத்துகளையும் எண்ணலாம்.

நம் பகுதியில் எனக்குப் பிடித்த தலைப்பு

தென்னையில் வெள்ளை ஈ. ஓலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரிச் சுருள்சுருளாகப் படிந்திருக்கும், கீழ் ஓலையின் மேல்புறம் கரி பூசியது போலக் கறுத்துப்போகும். சுருள் வெள்ளை ஈ எனப்படும் இந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலில் 2016இல் பதிவானதே பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கம்தான். நம் தோப்பிலிருந்து தொடங்கிய கதையை நம் பிள்ளைகளே ஆராயாவிட்டால் எப்படி?

பலரும் "வெள்ளை ஈ தாக்குதல்" என்று தலைப்பிட்டுப் போட்டோ எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதைவிட நல்ல கேள்வி அந்தப் பூச்சியைத் தின்னும் எதிரியைப் பற்றியது. என்கார்சியா என்ற மிகச் சின்னக் குளவி வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிடும். குளவி வெளியே வரும்போது கூட்டின் மேல் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வரும். குளவி தொடாத கூட்டிலிருந்து வெள்ளை ஈ வெளியேறும்போது மேல்தோல் பிளந்து ஆங்கில 'T' எழுத்துப் போல விரிசல் விழும். பத்து மடங்கு கை லென்ஸும் நல்ல வெளிச்சமும் இருந்தால் பொறுமையாகப் பிரித்துவிடலாம். காலிக் கூடுகள் நூறை எண்ணி, எத்தனை வட்டம், எத்தனை விரிசல் என்று எழுதினால் அந்த ஓலையில் குளவி எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று சதவீதமாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒப்பிடுங்கள். பூச்சிமருந்து தெளிக்கும் தோப்பு, தெளிக்காத தோப்பு. ஊடுபயிராக வாழை வைத்தது, வைக்காதது. குட்டை மரங்களில் கை எட்டும் கீழ் ஓலைகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு தோப்பிலும் ஐந்து மரம், மரத்துக்கு இரண்டு ஓலை, ஓலைக்கு நான்கு கீற்று என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பூச்சி பிடித்த ஓலையாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. கிழக்குப் பக்கம் ஒன்று, மேற்குப் பக்கம் ஒன்று என்று விதி வைத்துக்கொண்டால் கண் ஏமாற்றாது. மரம் ஏற வேண்டாம், ஏறச் சொல்லி யாரையும் கேட்கவும் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் பஞ்சாயத்தின் விவசாய அலுவலகமான கிருஷி பவனுக்குப் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஆழியார் நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெல் என்றால் நமக்குப் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம். மாணவர் நேரில் போய்க் குறிப்பாக ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் நின்று பதில் சொல்வார்கள். "புராஜெக்டுக்கு ஏதாவது சொல்லுங்க" என்று போனால் நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பருவம் பார்த்து எடுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நெல் வயல் களை, மழைக்கால நத்தை, கொசுப்புழு. ஆப்பிரிக்க நத்தை நம் மாவட்டத்தில் பல வருடமாகவே உண்டு. ஆனால் வெறுங்கையால் தொடவே கூடாது; மூளையுறை அழற்சி உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கக்கூடும். எத்தனை நத்தை, எந்தச் செடியில், மழை பெய்த எத்தனை மணி நேரத்தில் என்று டார்ச் அடித்து எண்ணலாம். எடுத்து வைத்து வளர்க்க வேண்டாம்.

வாய்க்கால் கொசு நல்ல தலைப்பு. ஆழியாற்றுத் தண்ணீர் கேரளத்துக்குள் வரும் மணக்கடவு வழியாக வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும் என்பது இரண்டு மாநிலத்தாரின் வழக்கு; உங்களுக்கு வேண்டியது, வாய்க்கால் எந்த வாரம் நிற்கிறது என்பதுதான். தண்ணீர் நின்றபின் அங்கங்கே தேங்கும் குட்டைகளில் எத்தனையாவது நாள் கொசுப்புழு வருகிறது, சிறு மீன் உள்ள குட்டையில் வருகிறதா, இல்லாததில் வருகிறதா என்று ஒரே அளவுக் கரண்டியால் பத்து முறை முகந்து எண்ணுங்கள். வாய்க்காலுக்குத் தனியாகப் போகக் கூடாது, தண்ணீர் ஓடும்போது இறங்கவே கூடாது. திடீரென்று திறந்துவிடுவார்கள்.

மார்கழி, தையில் கணவாய் வழியாக அடிக்கும் கீழைக்காற்று. துணி காய்வதைப் பார்த்தாலே தெரியும் அதன் வேகம். இலை எப்படித் தாங்குகிறது? காற்றைப் பார்த்து நிற்கும் மாமரத்திலும் வீட்டு மறைவில் நிற்கும் மாமரத்திலும் இலைத்துளைகளை எண்ணிப் பார்க்கலாம். மாவிலையில் துளைகள் அடிப்புறம்தான். நிறமில்லாத நெயில் பாலிஷை அடிப்புறத்தில் விரல் நக அளவுக்குத் தடவிக் காயவிட்டு, செலோ டேப்பை ஒட்டி உரித்தால் இலையின் அச்சு டேப்பில் வந்துவிடும். அதை ஸ்லைடில் ஒட்டி 40 மடங்குப் பொருளருகு லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டி வாய்களாகத் தெரியும். வட்டத்துக்குள் எண்ணிக்கை மட்டும் போதாது, பரப்பும் வேண்டும். 4 மடங்கு லென்ஸில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வட்டத்தின் விட்டத்தை அளங்கள். 4.5 மில்லிமீட்டர் என்றால் 40 மடங்கில் பத்தில் ஒரு பங்கு, 0.45. பரப்பு ஏறக்குறைய 0.16 சதுர மில்லிமீட்டர். எண்ணிக்கையை அதால் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரமும் ஒரே ரகமா, இரண்டுக்கும் வெயில் சமமா என்பதைப் பாருங்கள். வெயிலும் மாறினால் காற்றினால்தான் வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

ஜனவரிக்கு அப்புறம் முதலமடைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழ ஈ. கசக்கிய துளசியில் இருக்கும் மெத்தில் யூஜெனால் மாம்பழ ஈயின் ஆண்களை இழுக்கும். மூன்று வகை பாட்டில்: துளசி போட்டது, பழுத்த வாழைப்பழம் போட்டது, வெறும் சோப்புத் தண்ணீர். எல்லாவற்றிலும் சோப்பு ஒரு சொட்டு. விஷம் எதுவும் வேண்டாம். மூன்றையும் ஒரே உயரத்தில் தொங்கவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி, விழுந்த ஈயை எண்ணுங்கள். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக மருந்தடித்தது எப்போது, கடையில் வாங்கிய பொறி ஏதாவது ஏற்கெனவே தொங்குகிறதா. முதலாவது உங்கள் உடம்புக்காக, இரண்டாவது உங்கள் எண்களுக்காக. மருந்தடித்த வாரம் தோப்புக்குள் போகாதீர்கள்.

பறவையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு வேலை எளிது, ஒப்பிட ஏற்கெனவே தகவல் இருக்கிறது. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் பறவை வரைபடத்துக்காகக் கணக்கெடுத்தார்கள். தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு வருடந்தோறும் நடக்கிறது. மரம் பார்க்கப் பிடித்தவர்கள் மரங்களின் பருவ மாற்றத்தைப் பதியும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளியைச் சேர்த்துக்கொண்டு, ஒரே கொன்றை மரத்தை வாரம் தவறாமல் பார்த்து இலை, மொட்டு, பூ, காய் பதியலாம். விஷுவுக்குத்தான் பூக்கிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

தவளை, ஓணான், பாம்பு, ஆமை எதையும் பிடிக்காதீர்கள். மயில் நம் வயலில் கோழி மாதிரித் திரிகிறது என்பதற்காக அதன் முட்டையைத் தொட்டுப் பார்ப்பது விளையாட்டல்ல. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. தூரத்தில் நின்று எண்ணலாம். எந்த நேரத்தில் வயலுக்கு வருகிறது, என்ன கொத்துகிறது என்று எழுதலாம். வாளையார், மலம்புழா, பரம்பிக்குளம் காட்டுக்குள் போக வேண்டிய தலைப்பு வேண்டாம். அனுமதி வாங்குவதற்குள் தேர்வு வந்துவிடும், யானையும் வரும்.

கழிப்பறைக் கைப்பிடியில் பஞ்சைத் தேய்த்துக் கிருமி வளர்ப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள். ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக்கலன் வைத்துக் கிருமி நீக்கும் வசதி இல்லாத பள்ளியில் அதைச் செய்யக் கூடாது. பூஞ்சை பார்க்க ஆசை என்றால் ரொட்டித் துண்டை நனைத்து, கவரில் போட்டு, ஒட்டி, கடைசிவரை திறக்காமல் பாருங்கள்.

சித்தூர்ப் பிள்ளைகள் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்: "கள்ளு எப்படிப் புளிக்குதுன்னு பண்ணலாமா டீச்சர்?" அருமையான கேள்விதான், ஈஸ்ட் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் ஷாப் வாசலில் யூனிபார்மோடு நிற்க முடியாதே. தோசை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவு, ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர், ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று அறையில், ஒன்று வெயில் படும் இடத்தில். மாவு ஏறும் உயரத்தை மணிக்கு ஒருமுறை அளந்தால் அழகான வரைபடம் வரும்.

மனிதர்களைப் பற்றிய தலைப்பில் கூடுதல் கவனம் வேண்டும். கிழக்குப் பாலக்காட்டுக் கிணறுகள் சிலவற்றில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறை வரும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் வகுப்புத் தோழியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினால் அவளுக்கு எப்படி இருக்கும்? எழுத்தில் சம்மதம், வீட்டாரின் கையெழுத்து, பெயருக்குப் பதில் எண், வேண்டாம் என்றால் உடனே விடுவது: இந்த நான்கும் முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் வேறு தலைப்பு. விரலில் ஊசி குத்தி இரத்தப்பிரிவு பார்ப்பதை மாணவர்கள் செய்யவே கூடாது.

நோட்டு, ரெக்கார்டு, வைவா

களத்துக்குக் கொண்டுபோகும் நோட்டு ஒன்று தனியாக இருக்கட்டும். தேதி, நேரம், இடம், வெயிலா மழையா, எண். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள், வைட்னர் வேண்டாம். மண் கறையோடும் அடித்தல் திருத்தலோடும் இருக்கும் அந்த நோட்டை வைவாவுக்கு எடுத்துப்போங்கள். பளபளக்கும் பைண்டிங்கைவிட அது பேசும். வீட்டில் உட்கார்ந்து நிரப்பிய எண்களை அனுபவமுள்ளவர் கண்டுபிடித்துவிடுவார்: எல்லாம் 5இலும் 0விலும் முடியும், மூன்று தட்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும்.

முடிவு உங்கள் ஊகத்துக்கு எதிராக வந்தால் மாற்றாதீர்கள். ஏன் அப்படி வந்திருக்கலாம் என்று அரைப் பக்கம் எழுதினால் அதற்கே மதிப்பெண் உண்டு.

ரெக்கார்டின் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தலைப்பு, நோக்கம், கருதுகோள், பொருள்கள், செய்முறை, அட்டவணை, வரைபடம், முடிவு, நன்றி. உயிரிகளுக்கு ஊர்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதுங்கள். செய்முறையை, படிக்கிற இன்னொருவர் அதை அப்படியே திரும்பச் செய்ய முடிகிற மாதிரி எழுத வேண்டும். "சிறிதளவு சாறு" என்று எழுதக் கூடாது.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். சாஸ்திர மேளாவில் வரும் நடுவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். சார்ட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் வரைபடம் பெரிதாக இருக்கட்டும். அதற்கு மொழி வேண்டாம். என்ன கேட்டோம், என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்று இரண்டு நிமிடம் மலையாளத்தில் சொல்லவும் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது கஷ்டமே இல்லை, பஸ் ஸ்டாண்டில் தினமும் பேசுவதுதான். மேடையில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேள்வி புரியாவிட்டால் "ஒன்னுகூடி பறயாமோ" (இன்னொரு தடவை சொல்ல முடியுமா) என்று கேட்பதில் தப்பில்லை.

எல்லாம் முடிந்ததும் தொங்கவிட்ட பாட்டில்களை அவிழ்த்துவிடுங்கள், மிச்சமிருக்கும் பார்த்தீனியச் சாற்றை வாய்க்காலில் ஊற்றாமல் குழியில் ஊற்றி மூடுங்கள். அட்டவணையின் நகல் ஒன்றைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். தன் மரத்தில் குளவி எத்தனை சதவீதம் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை இருக்கும். அடுத்த வருடம் உங்கள் தம்பியோ தங்கையோ லென்ஸோடு போய் நின்றால் கேட்டைத் திறந்துவிடுவார்.